வெந்நீரில் கழுவிய ஓபோ

எண்ணூரில், ஆலைப் புகைக்கு நடுவே இருந்த மூன்று வருடத்தில் என் மகள் இரண்டு முறை நெஞ்சுச் சளியால் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதனால்தான் ராயபுரத்துக்கு வீடு மாறினோம். இங்கே காற்று நல்ல காற்று என்று யாரும் சொல்லவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன்.

பத்து வயதில் அவள் பள்ளியில் பழகிய ரெக்கார்டர் குழலை ஊதுவதைக் கேட்டுவிட்டு, சர்ச் இசைக்குழுவின் சார் என்னிடம் வந்தார். "ஓபோவுக்கு ஆள் இல்ல, நாகஸ்வரம் மாதிரி சீவாளி வச்சு ஊதுற குழல் அது. சொந்தமா ஒண்ணு வாங்கிக் குடுத்தீங்கன்னா இடம் பாப்பாவுக்கு. ஆனா இதுக்கு மூச்சு ஜாஸ்தி வேணும்." விரல் வைக்கும் முறையை எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு வாரத்தில் வருவதாகச் சொல்லி ஊருக்குப் போனார்.

பேண்டு வாத்தியக் கடையில் இரண்டு இருந்தன. ஒன்று பிளாஸ்டிக், புதியது. மற்றொன்று கருத்த மரம், யாரோ வாசித்தது. மரத்தின் சத்தம்தான் சத்தம் என்று எங்கோ படித்திருந்தேன்.

"பாப்பா ஊதிப் பாக்கட்டும்மா. புதுச் சீவாளி போட்டுத் தரேன்," என்றார் கடைக்காரர்.

சீவாளி புதிதுதான். உள்ளே யார் யாருடைய எச்சிலோ, மூச்சோ? "வேணாங்க, நீங்களே ஊதிக் காட்டுங்க," என்றேன்.

"இன்னாமா, பாப்பாவுக்கு வாங்குறியா, எனக்கு வாங்குறியா?" என்று சிரித்துவிட்டு ஊதினார். அருமையாக இருந்தது. அவருடைய நெஞ்சு பலத்துக்கு எந்தக் குழலும் அருமையாகத்தான் ஒலித்திருக்கும். அதை அப்போது யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், அவளுடைய பால் பாட்டிலைக் கழுவிய காலத்துப் பழக்கத்தில், கொதித்து இறக்கிய தண்ணீரைக் குழலுக்குள் ஊற்றிக் கழுவினேன். இரண்டு தரம்.

அவள் ஊதினாள். மேல் ஸ்வரங்கள் திக்கின. கீழ் ஸ்வரங்கள் வரவே இல்லை.

"எனக்கு மூச்சு பத்தலம்மா."

நான்காம் நாள் துடைக்கும்போது பார்த்தேன். மேல் பாகத்தில், முடி ஒட்டியது போல ஒரு கோடு. நகத்தால் சுரண்டினேன், போகவில்லை. பழைய கீறலாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். ஒருவேளை மூச்சும் போதாமல் இருக்கலாம், நெஞ்சு தேறிவிட்டதாக டாக்டரே உறுதியாக எதுவும் சொல்லவில்லையே என்றும் சொல்லிக்கொண்டேன். அவள் தினமும் மொட்டை மாடியில் நின்று, விரல் விட்டு எண்ணி மூச்சை அடக்கிப் பழகினாள். முப்பது வந்ததும் இருமுவாள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

சார் ஊரிலிருந்து வந்ததும் குழலோடு சர்ச்சுக்குப் போனோம். குழலை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "வெடிச்சிருக்கே. சூடா எதாவது ஊத்துனீங்களா?"

"கழுவினேன் சார்."

"மரத்தையா? இதுல எனக்கே கீழ் ஸ்வரம் வராது. பாப்பா இன்னா பண்ணும்?" வேறு வாங்கிப் பழகலாம் என்றால் ஒத்திகைக்கு நாள் இல்லை என்றார். இடம் வேறொரு பெண்ணுக்குப் போனது.

தெருவில் இறங்கியதும் அவள் கேட்டாள். "அந்தக் கோடு உனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

"தெரியும்."

"நான் மாடில மூச்சு புடிச்சுகினு நின்னப்போவுமா?"

ஆமாம் என்றேன். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. சாலையைக் கடக்க நான் நீட்டிய கையை அவள் பிடிக்கவில்லை.