அம்பாசிடருக்கு என்ன விலை போடுவீர்கள்?

என் மனைவிக்கு முழங்கால் சரியாக மடங்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வெள்ளை அம்பாசிடரைப் பார்க்கிறவர்கள் எல்லாம் எனக்குப் பழைய கார் பைத்தியம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பைத்தியமும் இல்லை, ஒரு வெங்காயமும் இல்லை. கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவளால் ஷேர் ஆட்டோவில் ஏற முடியாது. இப்போது வரும் கார்களில் சீட் தரையோடு தரையாக இருக்கிறது. உட்கார்ந்தால் எழுப்பிவிட இரண்டு ஆள் வேண்டும். அம்பாசிடரின் முன்சீட்டில் மட்டும்தான் நாற்காலியில் உட்காருவது போல உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு வருவாள். ஊத்துக்கோட்டைப் பக்கமிருக்கும் எங்கள் ஊரிலிருந்து திருவள்ளூருக்கு வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபி. அந்தக் கார் நின்றால் அவள் நடையும் நின்றது என்று அர்த்தம்.

நின்றும் பார்த்தாகிவிட்டது. போன வருடம் கடைத்தெருவில் நிறுத்தியிருந்த காரின் மேல், அவள் உட்காரும் பக்கத்துக் கதவில், ஒரு பால் வேன் ரிவர்ஸில் வந்து இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அந்த மாடலுக்குக் கதவு தேடி நான் அலைந்தது ஒரு தனிக்கதை. கிடைப்பதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. அந்த ஒரு மாதத்தில் அவள் கால் பழையபடி கட்டையாகிவிட்டது. ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்த பயிற்சி அத்தனையும் வீண். எங்களிடம் இருந்ததோ மூன்றாம் நபர் இன்சூரன்ஸ். நாம் யாரையாவது இடித்தால் அவர்களுக்குக் கிடைக்கும். நம்மை இடித்தால் நமக்குக் கிடைப்பது ஆறுதல் வார்த்தை. இந்தத் தடவை வண்டிக்கும் சேர்த்து முழு இன்சூரன்ஸ் போட்டே தீருவது என்று கிளம்பினேன். இரண்டு மாதம் என் உயிரை வாங்கிவிட்டார்கள்.

முதலில் செல்போனில் பார்த்தேன். வண்டி வாங்கிய வருடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. கீழே கீழே தள்ளிக்கொண்டே போனேன். என் கார் பிறந்த வருடம் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே பட்டியல் தீர்ந்துவிட்டது. இன்னொரு கம்பெனி முழு இன்சூரன்ஸுக்குச் சொன்ன தொகைக்கு எங்கள் ஊரில் கன்றோடு ஒரு கறவை மாடு வாங்கலாம். மூன்றாவதாக ஒருவர் அவராகவே போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது.

"சார், இது கிளாசிக் கார் பாலிசி. பிரீமியம் ரொம்பக் கம்மி. நீங்க எந்தெந்த ராலியில கலந்துக்கறீங்க?"

"வாரத்துல மூணு நாள் திருவள்ளூர் போவோம்."

"அங்க ராலி நடக்குதா சார்?"

"பிசியோதெரபி நடக்குது."

பிறகு நிபந்தனைகளைச் சொன்னார். பூட்டிய ஷெட்டில் வைத்திருக்க வேண்டும், கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் மட்டும் எடுக்க வேண்டும், அன்றாடப் பயன்பாடு கூடவே கூடாது. ஓட்டாத காருக்கு மலிவு விலை, ஓட்டுகிற காருக்கு இடமே இல்லை. நல்லா இருங்க என்று சொல்லிப் போனை வைத்தேன்.

கடைசியில் திருவள்ளூரில் இருக்கும் ஒரு கிளை அலுவலகத்துக்கு நேரிலேயே போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி மரியாதையானவர். அதுதான் இன்னும் எரிச்சல். சண்டைகூடப் போட முடியவில்லை.

"உங்க வண்டிக்கு சிஸ்டத்துல மதிப்பு ஜீரோன்னு வருது சார். ஜீரோவுக்கு நான் எப்படி இன்சூரன்ஸ் போடறது?"

இன்ஜின் வேலை பார்த்த ரசீது, கதவு வாங்கிய ரசீது, சீட் தைத்த ரசீது எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினேன்.

"இதெல்லாம் செலவு சார். மதிப்பு இல்ல. எங்க கம்பெனி இன்ஸ்பெக்டர் வந்து வண்டியப் பாக்கட்டும். நீங்க மதிப்புக்கு ஏதாவது ஒரு ஆதாரம் கொண்டாங்க. மேனேஜர் கிட்ட பேசறேன்." பிறகு படிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "கூட வர்றவங்களுக்கு விபத்துக் காப்பு வேணுமா?"

போகிற போக்கில் தலையில் எதையாவது கட்டப் பார்க்கிறார் என்று தோன்றியது. "அதெல்லாம் ஒண்ணும் வேணாம் மேடம். எவ்ளோ கொறைக்க முடியுமோ கொறைங்க" என்றேன். படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று நானே எழுதினேன்.

நான் வேலை செய்வது கும்மிடிப்பூண்டியில், பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலையில். லாரியில் வந்து இறங்கும் ஸ்கிராப்பைப் பார்த்து இது எத்தனையாவது தரம் என்று சொல்வது என் வேலை. எத்தனையோ கார்கள் கூடாகவும் துண்டாகவும் உலைக்குப் போனதைப் பார்த்தவன். அந்த இன்ஸ்பெக்டர், எங்கள் யார்டில் கவிழ்ந்த ஒரு லாரியைப் பார்க்கப் புதன்கிழமை வருகிறாராம். "வண்டிய அங்கியே உள்ள கொண்டாந்துடுங்க, நிழல்ல நின்னு போட்டோ எடுத்துடலாம்" என்று போனில் சொன்னார். கம்பெனி பஸ்ஸில் போகிற நான் அன்று காரில் போனேன்.

மெயின் கேட்டில் ஸ்டிக்கர் இல்லாத வண்டிக்கு அனுமதி இல்லை. சரி, லோடு வண்டிகள் வரும் பின்பக்க கேட்டில் எல்லோருக்கும் என்னைத் தெரியும் என்று அங்கே போனேன். என் நேரம், அன்றைக்கென்று புது செக்யூரிட்டி. காரை மேலும் கீழும் பார்த்தார். இன்னும் பெயிண்ட் அடிக்காத அந்தக் கதவைப் பார்த்தார்.

"ஸ்கிராப்பா? லைன்ல வுடு."

"யோவ், இது என் காருய்யா. நான் இங்க வேல செய்றேன்."

"எல்லாம் அப்டித்தான் சொல்றாங்கோ. மேடை மேல ஏத்து சார். பின்னால லாரி நின்னுக்கினு கீது பாரு."

பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. வேறு வழியில்லாமல் எடை மேடையில் ஏற்றினேன். சீட்டு அச்சாகி வந்தது. சரக்கு: பழைய இரும்பு. தரம்: கலப்பு. தரம் பிரிக்கிறவன் நான். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் காரைக் கலப்பு என்று போட்டுவிட்டார்கள். உலைக்கே போவதாக இருந்தாலும் அது முதல் தரத்தில் போக வேண்டிய வண்டி.

இன்ஸ்பெக்டர் ஐந்து நிமிடத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெளியே வரத்தான் வழியில்லை. எடை மேடையில் உட்கார்ந்திருப்பவன் எனக்குப் பல வருடப் பழக்கம். கம்ப்யூட்டரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, சரக்க எறக்காம வண்டி வெளிய போவ முடியாது. வந்த எடையும் போற எடையும் ஒண்ணா கீது. நெட் வெயிட்டு ஜீரோன்னா சிஸ்டம் ஒத்துக்காது."

"சரக்கே அந்த வண்டிதாண்டா!"

"அப்ப வண்டிய எறக்கி வெச்சிட்டு போங்க."

அவன் கிண்டல் செய்யவில்லை. அதுதான் விதி. இன்சூரன்ஸ் ஆபீசில் மதிப்பு ஜீரோ என்று விரட்டினார்கள், இங்கே எடை ஜீரோ என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். சத்தம் போட்டேன், சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன், அவர் சாப்பிடப் போயிருந்தார். கடைசியில் டிக்கியிலிருந்த ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் இறக்கி வைத்துவிட்டுத் திரும்ப மேடையில் ஏறினேன். கணக்கில் இருபது கிலோ விழுந்தது. கம்ப்யூட்டர் மனம் குளிர்ந்தது. ஸ்டெப்னி இல்லாமல் ஊர் வரைக்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பயந்து பயந்து ஓட்டினேன். மறுநாள் என் சொந்த ஸ்டெப்னியை வெளியே எடுத்துவர இரண்டு கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது.

அந்தச் சீட்டைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். அப்போதுதான் பொறி தட்டியது. வண்டியின் முழு எடை அதில் இருக்கிறது, சீல் இருக்கிறது. அன்றைய ஸ்கிராப் ரேட் எனக்கு மனப்பாடம். பெருக்கிப் பார்த்துவிட்டு நேரே திருவள்ளூர் போனேன்.

"மேடம், இந்த வண்டிய வெட்டி உலையில போட்டாலே இவ்ளோ வரும். ஓடிக்கினு கீற வண்டிக்கு ஜீரோன்றீங்களே?"

அவர் சீட்டை எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது முகத்தில் சிரிப்பை அடக்கிய தடம் இருந்தது. ஒத்துக்கொண்டார்களாம். காரின் மதிப்பு அதன் எடைக்கு வரும் ஸ்கிராப் விலை. ஓடுகிறதே, அதற்கு ஏதாவது சேர்த்துப் போடுங்கள் என்றேன். "ஓடறதுக்கு ஆதாரம் எங்க சார்?" என்றார். அந்த வண்டியில்தான் வந்திருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பிரீமியம் என் சம்பளத்துக்குள் அடங்கியது. மிச்சத்தை நிரப்பி நாளைக்குக் கொடுங்கள் என்று படிவத்தைத் திருப்பித் தந்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது.

மனைவி எதையும் படிக்காமல் விடமாட்டாள். பஜ்ஜி கட்டி வந்த காகிதத்தைக்கூடப் பிரித்துப் படிப்பாள். காலைப் பலகை மேல் நீட்டிக்கொண்டு, படிவத்தின் நான்கு பக்கத்தையும் விரல் வைத்துப் படித்தாள். நான் எடை மேடைக் கதையைக் கைகாலை ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"இதுல நான் எங்கங்க கீறேன்?"

எனக்குப் புரியவில்லை. "வண்டி இன்சூரன்ஸுல நீ எதுக்கு?"

"கதவுக்குப் போட்டுக்கிறீங்க. கண்ணாடிக்குப் போட்டுக்கிறீங்க. அந்தக் கதவாண்ட குந்திக்கினு வர்றது யாரு?"

கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டாள். 'வேண்டாம்' என்று எழுதியிருந்த இடத்திலிருந்து விரலை எடுத்துவிட்டு, படிவத்தை மடித்து என்னிடம் கொடுத்தாள். யாருக்காக இரண்டு மாதம் நாயாக அலைந்தேனோ அவளை ஒரே வார்த்தையில் வேண்டாம் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை ஆபீஸ் கதவைத் திறந்ததுமே அந்த அதிகாரியின் முன்னால் நின்றேன். ஒரு சீட்டுக்கு மட்டும் போட முடியாது, வண்டியில் எத்தனை சீட்டோ அத்தனைக்கும் சேர்த்துத்தான் போட வேண்டும் என்றார். போடுங்கள் என்றேன். எழுதியதை அடித்துத் திருத்தக் கூடாது, முதலிலிருந்து புதுப் படிவம் எழுத வேண்டும் என்றார். இரண்டு மாதமாகத் தொட்டதற்கெல்லாம் சுள்ளென்று வந்த கோபம் அன்று வரவில்லை. பேனாவைத் திறந்து, கடைசிப் பக்கத்தைப் புரட்டி, முதலில் அந்தக் கட்டத்தை நிரப்பினேன்.