ஃபியூஸ் யார் கையில்?

இந்த ஊரில் குளியலறை விளக்கைக் கயிறு இழுத்துத்தான் போட வேண்டும். ஈரக் கையால் யாரும் தொட்டுவிடக் கூடாது என்று சுவிட்சைக் கூரையில் வைத்து, அதிலிருந்து ஒரு வெள்ளைக் கயிற்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அயர்லாந்துக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. இன்னும் காலையில் அந்தக் கயிற்றைப் பிடித்தால் என் கை ஒரு தரம் இழுத்து நிற்காது, மூன்று தரம் இழுக்கப் பார்க்கும். கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் ஒவ்வொரு லெவலிலும் இப்படி ஒரு கயிறு தொங்கும். லெவல் என்றால் பூமிக்கு அடியில் ஒரு மாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுத்தால், மேலே கேஜ் என்கிற இரும்புக் கூண்டை ஓட்டுகிறவருக்கு மணி அடிக்கும். மூன்று இழுப்பு என்றால் ஆட்கள் ஏறுகிறார்கள், பார்த்து இழு என்று பொருள். இங்கே மூன்று தரம் இழுத்தால் விளக்கு எரிந்து, அணைந்து, மறுபடி எரியும். "ஆரம்பிச்சிட்டாருப்பா டிஸ்கோ" என்று வெளியிலிருந்து என் மனைவி ஸ்டெல்லா குரல் கொடுப்பாள்.

இதை என் பிள்ளைகள் ரூத்துக்கும் ஜோயலுக்கும் எழுதுகிறேன். இருவரும் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார்கள், நேரம் ஆகும், பரவாயில்லை. தங்கவயல் கோரமண்டலில் இருக்கும் என் தங்கை பிள்ளைகளும், என்னைப் போல வெளியூரில் கிடக்கும் தங்கவயல்காரர்களும் படித்தால் சந்தோஷம். நான் பத்தாவது முடித்து ஐடிஐ படித்தவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் ரூத் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். சாப்பாட்டு மேசையில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுத்தில் வருகிறதா பார்க்கிறேன்.

ரூத் இங்கே பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் மூன்றாம் வருஷம். அவர்கள் துறைக்கு நெட்டில் ஒரு பக்கம் உண்டு. ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு படம், கீழே அவர் எங்கே படித்தார், எங்கே டாக்டர் பட்டம் வாங்கினார், வாத்தியார் ஆவதற்கு முன்னால் எந்தக் கம்பெனியில் என்ன வேலை பார்த்தார் என்று எல்லாம் போட்டிருக்கும். ப்ராஜெக்ட்டுக்கு யாரிடம் சேரலாம் என்று பார்க்க ரூத் ஒருநாள் அதை வீட்டில் உரக்கப் படித்தாள். ஒருவர் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகப் பல்கலைக்கழகத்துக்குள் போனவர், அதன் பிறகு வெளியே வரவே இல்லை. ஒரு அம்மா காற்றாலைக் கம்பெனியிலிருந்து வந்தவர். இன்னொருவர் சிப் செய்யும் தொழிற்சாலையில் பத்து வருஷம். கேட்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. நம் ஊரில் வாத்தியாரைப் பற்றித் தெரிய வேண்டியது யார் மகன், எந்தக் குடியிருப்பு லைனில் வீடு, எந்தச் சர்ச், அவ்வளவுதான். ஐடிஐயில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்ன படித்தார் என்று இன்றுவரை தெரியாது. அவர் மச்சான் பேத்தமங்களாவில் தக்காளி போட்டு நஷ்டப்பட்டது தெரியும்.

அப்புறம் ரூத் நான்காவது ஆளைப் படித்தாள். டாக்டர் பிரெண்டன்.

"அப்பா, இவரு கனடாவுல ஒரு மைன்ல மூணு வருஷம் ஹாய்ஸ்ட் எஞ்சினியரா இருந்திருக்காரு! ஹாய்ஸ்ட்னா கேஜை இழுக்கிற மோட்டார்."

"ஹாய்ஸ்ட்னா இன்னான்னு எனக்கே சொல்றியாம்மா?"

"ஐயோ, சாரிப்பா. மறந்துட்டேன்."

மறந்துட்டேன். அந்த ஒரு சொல் போதும். அன்றிலிருந்து எனக்கு அந்த மனிதர் மேல் பொறாமை. பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளும் விஷயம் இல்லைதான், ஆனால் சொல்லாவிட்டால் மீதி எதுவும் புரியாது. நான் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். டீ இடைவேளையில் போனை எடுத்து அவர் பக்கத்தையே பார்ப்பேன். என் வயதுதான் இருக்கும். தலையில் ஹெல்மெட், அதில் விளக்கு, பின்னால் பாறை, முகத்தில் சிரிப்பு. ஹெல்மெட்டில் ஒரு கீறல் இல்லை. படம் எடுக்கத்தான் கீழே இறங்கியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நான் ஒன்பது வருஷம் எலெக்ட்ரீஷியனாக இறங்கினேன், உள்ளே எடுத்த படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவருடைய மூன்று வருஷத்தை உலகமே படிக்கிறது, என்னுடைய ஒன்பது வருஷம் என் மகளுக்கே மறந்துபோகிறது. ரூத் அவரிடமே ப்ராஜெக்ட்டுக்குச் சேர்ந்தாள். இங்கே வாத்தியாரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். வீட்டில் எதற்கெடுத்தாலும் "பிரெண்டன் சொன்னாரு" ஆயிற்று. நெருக்கிக்கொண்டு கேஜில் போகும்போது எவனோ சாப்பாட்டு டப்பாவைக் கவிழ்த்து, மேலே வரும்வரை எல்லோரும் மீன் நாற்றத்தில் நின்றார்களாம். ரூத் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். இதே கதையை நான் சொல்லியிருக்கிறேன். எங்களுடையது கருவாடு.

"இன்னாங்க, அந்த ஆளு மேல இவ்ளோ காண்டு?" என்று ஸ்டெல்லா கேட்டாள். "உங்க சோத்துலயா மண்ணப் போட்டாரு?"

சோற்றில்தான் போட்டார் என்று எனக்குத் தோன்றியது. இங்கே வந்த புதிதில் என் ஐடிஐ சான்றிதழையும் வயர்மேன் பெர்மிட்டையும் எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். ஸ்டெல்லாவுக்கு நர்ஸ் வேலை, நமக்கும் நம் தொழில் கிடைக்கும் என்று நம்பிக்கை. அங்கிருந்த பெண் காகிதங்களை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, முன்பு வேலை செய்த இடத்தில் யாரிடம் விசாரிக்கலாம் என்று கேட்டாள். "மூடிவிட்டார்கள், உள்ளே தண்ணீர் நிரம்பிவிட்டது" என்றேன். அவள் முகம் மாறி, என் கையைத் தொட்டு, தன் வருத்தத்தைச் சொன்னாள். யாரோ தண்ணீரில் போய்விட்டார்கள் என்று நினைத்தாள் போல. நானும் திருத்தவில்லை. காகிதங்களை மிகவும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்ததைச் சொல்வதற்கு முன் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சுரங்கத்தில் எந்த லைனில் கை வைக்கப் போகிறோமோ, அதன் ஃபியூஸ் கம்பி மாட்டிய கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவோம். ஆள் வேலை செய்கிறார் என்று பலகை மாட்டினால் ஈரத்தில் எழுத்து அழிந்துவிடும், அந்த இருட்டில் எவனும் படிக்கவும் மாட்டான். கட்டை உன் பையில் இருந்தால் உனக்குத் தெரியாமல் எவனாலும் கரண்ட் விட முடியாது. பிடுங்கினவன்தான் திரும்பப் போட வேண்டும், மேனேஜரே வந்தாலும் தொடக் கூடாது. ஒரு லைன் செத்துக் கிடந்தால் எங்கள் சின்னப்பன் மேஸ்திரி பழுதைத் தேடி ஓட மாட்டார். நின்ற இடத்திலிருந்தே கத்துவார்: "ஃபியூஸ் எவன் கையில கீது?" பதில் வரும்வரை ஒருவனும் அசைய மாட்டான்.

போன மாதம் ரூத்தின் ப்ராஜெக்ட்டைக் காட்டும் நாள். வீட்டாரையும் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்டெல்லாவுக்கு டியூட்டி, நான் மட்டும் கோட்டு போட்டுக்கொண்டு போனேன். ரூத் செய்திருந்தது ஒரு சின்ன கேஜ். முழ உயரச் சட்டத்தில் கம்பி, மோட்டார், ஒரு தகரப் பெட்டி, அதற்குள் மூன்று பிளாஸ்டிக் பொம்மை ஆட்கள். வேகத்தைக் கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும், மேலே வந்து நிற்கும்போது ஆள் குலுங்கக் கூடாது, அதுதான் அவள் வேலை. என் மகள் கேஜ் செய்திருக்கிறாள், அதை இன்னொருவரிடம் கேட்டுச் செய்திருக்கிறாள் என்று நெஞ்சு எரிந்தது. மதிப்பெண் போட வெளியிலிருந்து வந்த இரண்டு பேர் பக்கத்து மேசையில் இருந்தார்கள். அந்த நேரம் பார்த்து பெட்டி பாதியில் நின்றது. டாக்டர் பிரெண்டன் வந்து முழங்காலிட்டு, பின்பக்க மூடியைக் கழற்றிக் கையை உள்ளே விட்டார். ரூத் கம்ப்யூட்டரில் நிறுத்தியிருந்தாள். ஆனால் சுவரில் இருந்த போர்டில் சப்ளை அப்படியே இருந்தது. நான் யோசிக்கவே இல்லை. எட்டிச் சுவிட்சை இறக்கி, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை.

இதுவரை நான் செய்தது சரி. அவர் ஒரு திருகை முறுக்கிவிட்டுக் கையை வெளியே எடுத்தார். ரூத் பட்டனை அழுத்தினாள். ஒன்றும் இல்லை. மறுபடி அழுத்தினாள். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், வயர்களைப் பார்த்தார், நெற்றியைத் தேய்த்தார். பையில் கட்டையைப் பிடித்தபடி நான் நின்றேன். மதிப்பெண் போடுகிறவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். ரூத்துக்கு அழுகை வருவதற்கு முன் காது சிவக்கும், குழந்தையிலிருந்தே அப்படித்தான். காது சிவந்தது. நான் நின்றேன். இரண்டு நிமிடம் இருக்கும்.

அப்போது டாக்டர் பிரெண்டன் எழுந்தார். சுவரில் போர்டைப் பார்த்தார், அதில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். எந்தப் பழுதையும் தேடவில்லை. நின்ற இடத்திலிருந்து உரத்த குரலில் கேட்டார், ஃபியூஸ் யார் கையில் இருக்கிறது என்று. அவர் ஆங்கிலத்தில்தான் கேட்டார். எனக்குச் சின்னப்பன் மேஸ்திரியின் குரலில் விழுந்தது.

பள்ளிக்கூடப் பையனைப் போலக் கையைத் தூக்கினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கட்டையைக் கேட்டுக் கையை நீட்டவில்லை. மேசையிலிருந்து இரண்டடி பின்னால் போய், இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டி, மாணவர்களையும் விலகி நிற்கச் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் கட்டையைப் போட்டு, சுவிட்சை ஏற்றினேன். பெட்டி மேலே போய், பொம்மைகளை ஆட்டாமல் நின்றது. "கிராண்ட்" என்றார் அவர். அவ்வளவு பெரிய மனிதர் என் வேலையைப் பார்த்துக் கிராண்ட் என்றாரே என்று பஸ்ஸில் வரும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். ஸ்டெல்லாவிடம் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "பேஷண்டுக்குக் கஞ்சி குடுத்தாக்கூட இவங்க கிராண்ட்னுதான் சொல்வாங்க."

ஆனால் ரூத் சிரிக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் கேட்டாள்: "அவர் கை உள்ள இருந்துச்சு, எடுத்தீங்க. சரிப்பா. கையை வெளிய எடுத்த பிறகும் ஏன் சும்மா நின்னீங்க?"

நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

மறுநாள் வந்து அவளே இன்னொன்று சொன்னாள். "பிரெண்டன் உங்களைப் பத்திக் கேட்டாரு. எந்த மைன், எந்த ஷாஃப்ட், எந்த லெவல்னு. எனக்குச் சொல்லத் தெரியலப்பா. எனக்கு அவரோட மைன் பேரு தெரியுது, உங்களது தெரியல." இந்தத் தடவை அவள் குரலில்தான் குற்றவுணர்வு. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் தப்பு அவளுடையது இல்லை. நீங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது சுரங்கத்தைப் பற்றி நான் அதிகம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: நல்லாப் படிங்க, இல்லன்னா அப்பா மாதிரி இருட்டுல கிடக்கணும். பூச்சாண்டி காட்டுகிற இடமாக நானே அதை ஆக்கி வைத்தேன். பூச்சாண்டியின் முகவரியை எந்தப் பிள்ளை கேட்டு வைத்துக்கொள்ளும்?

ரூத், உன் கேள்விக்குப் பதில் இதுதான். அவர் தேடட்டும் என்று நின்றேன். அந்த நெட் பக்கத்தில் எழுதி வைத்திருப்பது எல்லாம் பொய் என்று எல்லோர் முன்னாலும் தெரியட்டும் என்று நின்றேன். உன் காது சிவந்ததைப் பார்த்தேன். பார்த்த பிறகும் பையிலிருந்து கையை வெளியே எடுக்கவில்லை. அவர் பொய் இல்லை. அவர் கேட்டாரே ஒரு கேள்வி, படம் எடுக்க இறங்கினவனுக்கு அது வராது. அந்தக் கட்டையைப் பையில் போட்டது எலெக்ட்ரீஷியன். பையிலேயே வைத்திருந்தது உன் அப்பா. எலெக்ட்ரீஷியனை நீ மன்னிக்க வேண்டியதில்லை.

பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. அவருடைய சுரங்கம் இன்னும் ஓடுகிறதாம். வருஷா வருஷம் மாணவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போகிறாராம். இப்போது என் வயிற்றெரிச்சல் அதன்மேல்தான்.

இதை ஞாயிற்றுக்கிழமை செல்வராஜிடம் போனில் சொன்னேன். அவனும் நானும் ஒரே ஷிஃப்ட்டில் இருந்தவர்கள். இப்போது தினமும் கோரமண்டலில் ரயில் ஏறிப் பெங்களூர் போய் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை செய்கிறான்.

"இன்னாடா, வாத்தியாருக்கே கரண்ட் கட் பண்ணிட்டியே! நாளைக்கு ட்ரெயின்ல சொன்னா பெட்டியே சிரிக்கும்" என்றான். அப்புறம் கொஞ்சம் குரலை இறக்கி, "அந்த மணிக் கட்டை இன்னும் வெச்சிகினு கீறியா?" என்றான்.

வைத்திருக்கிறேன். அறுபதாவது லெவல். கயிறு இழுத்தால் மணி அடிக்கவில்லை என்று அன்று எங்கள் இரண்டு பேரையும் அனுப்பினார்கள். நான் மணி லைனின் பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டேன். பாதி வேலையில், எல்லோரும் உடனே மேலே வாருங்கள் என்று ஆள் வந்தது. எங்கள் லெவலில் மணி இல்லாததால் ஏணியில் ஏறி மேல் லெவலுக்குப் போய், அங்கிருந்து கயிறு இழுத்துக் கேஜ் பிடித்தோம். மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார் மேஸ்திரி. மறுநாள் கேட் மூடியிருந்தது, சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். அதன் பிறகு ஒருவரும் இறங்கவில்லை. கட்டை மட்டும் வீடு மாறி வீடு மாறி, கடைசியில் என் சட்டைகளுக்கு நடுவில் விமானம் ஏறி வந்தது.

"கீது" என்றேன்.

"அப்ப நீ இன்னும் ஷிஃப்ட்லதான்டா கீற" என்றான் செல்வராஜ். "கட்டையத் திரும்ப வெக்காதவன மேல வந்துட்டான்னு ரிஜிஸ்தர்ல எவன் எழுதுவான்?" சொல்லிவிட்டு அவனே சிரித்தான். நானும் சிரித்தேன்.

நேற்று என் துணிப் பெட்டியைத் திறந்து அதை ரூத்தின் கையில் கொடுத்தேன். எந்த மைன், கேஜ் இறங்கும் குழியான ஷாஃப்ட் எது, எந்த லெவல் என்று சொன்னேன். ஜோயல் போனில் படம் எடுத்தான். ரூத் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நான்தான் திரும்ப வைக்க வேண்டும் என்பது போல, மறுபடி என் கையிலேயே கொடுத்தாள்.

இன்று காலை குளியலறையில் கயிற்றைப் பிடித்தேன். கையை நான் தடுக்கவில்லை. மூன்று இழுப்பு. விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. அறுபதாவது லெவலில் தண்ணீருக்குள் அந்தக் கயிறு இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். இழுக்க அங்கே ஆள் இல்லை, இழுத்தாலும் மணி அடிக்காது. அதன் கட்டை இங்கே, இந்த வீட்டில், என் சட்டைகளுக்கு நடுவில் இருக்கிறது.