நீல உடுப்பின் மடிப்பு

அரபு நாட்டில், சத்வா என்ற பகுதியில் தையல் கடை வைத்திருக்கும் எனக்கு வாயாடி என்றுதான் பேர். பேண்ட் நீளம் குறைக்க வந்தவர்கூட அரைமணி நேரம் என் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். அந்த வாய், தேவைப்பட்ட ஒரே நாளில் திறக்கவில்லை.

ஒரு அரபு வீட்டில் வேலை பார்த்த பெண் அவள். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. யூனிஃபார்மை அளவு குறைக்க வந்தவள், கைக்குட்டையில் பொதிந்த ஒன்றை மேஜையில் வைத்தாள். சுக்குத் துண்டு மாதிரி காய்ந்து கிடந்தது. மகனுடைய தொப்புள்கொடி. தாயத்தில் வைத்துக் கட்டியிருந்தாளாம். கயிறு, தாயத்து எதுவும் கூடாது என்று ஏஜென்ட் கழற்ற வைத்துவிட்டான்.

"இது மேல இருந்தா புள்ள கூடவே இருக்கற மாதிரி பாய். வெளிய தெரியாம வச்சுத் தச்சுக் குடுங்க."

துணித்துண்டில் பொதிந்து, அவள் கொண்டுவந்த நீல உடுப்பின் கீழ் மடிப்புக்குள் வைத்துக் கையாலேயே தைத்தேன். "இஸ்திரி போடுறவனுக்கே தெரியாதும்மா" என்று பெருமையடித்துக்கொண்டேன். அவள் பையன் பேரைச் சொன்னாள், ஊரைச் சொன்னாள். நூல் கோக்கும் மும்முரத்தில் நான் எதையும் காதில் வாங்கவில்லை.

நாலைந்து மாதம் கழித்து, சாயங்கால அஸர் தொழுகை முடித்து வந்து கடையைத் திறந்தேன். அவளுடைய மேடம் உள்ளே வந்து ஒரு பை நிறையத் துணியை மேஜையில் கொட்டினாள். பின்னால் அவள் நின்றாள். முகம் வீங்கியிருந்தது.

"சப் கோலோ" என்றாள் மேடம். எல்லாத் தையலையும் பிரிக்க வேண்டும். மேடத்தின் சின்ன மகளுக்கு வாரக்கணக்கில் காய்ச்சலாம். டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. வேலைக்காரி சிஹ்ர், அதாவது சூனியம், வைத்துவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அறையைக் குடைந்தாகிவிட்டது. துணிகள்தான் பாக்கி. ஏதாவது கிடைத்தால் அடுத்தது போலீஸ்.

வெள்ளை உடுப்பைப் பிரித்தேன். பச்சையைப் பிரித்தேன். நீலத்தைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே இருந்தேன். மேடம் பொறுமையில்லாமல் அதை எடுத்து மடிப்பைத் தடவினாள். விரல் ஒரு இடத்தில் நின்றது. பிளேடை என் கையில் திணித்தாள். என் தையலை நானே அறுத்தேன்.

பொட்டலம் விழுந்ததும் மேடம் பின்வாங்கினாள். "யே க்யா ஹை?" இது என்ன என்று என்னைக் கேட்டாள்.

எனக்குத் தெரியும். என் இடுப்பிலும் சின்ன வயதில் அப்படி ஒரு தாயத்து தொங்கியது. எனக்கு இந்தியும் தெரியும், அரபியும் தெரியும். ஆனால் சொன்னால் தைத்தது யார் என்று கேட்பாள். கடை போகும், விசா போகும், சூனியத்துக்குக் கூட்டாளி என்று என்னையும் இழுப்பார்கள். பயந்துவிட்டேன். கேவலமாகப் பயந்தேன்.

"மாலும் நஹி" என்றேன். தெரியாது.

அவள் என்னைப் பார்த்தாள். "பாய், சொல்லுங்க பாய். புள்ளையோடதுன்னு சொல்லுங்க."

நான் கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது என்ன, யார் தைத்தது என்று மேடம் அவளிடமே திரும்பினாள். அவளுக்குத் தெரிந்த இந்தி பாத்திரம், துடைப்பம் அளவுக்குத்தான். "பச்சா, மேரா பச்சா", குழந்தை, என் குழந்தை என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். குழந்தைக்குச் செய்வினை வைத்ததை ஒப்புக்கொள்கிறாள் என்று மேடம் எடுத்துக்கொண்டாள். அப்புறம் அவள் தன் நெஞ்சைத் தட்டி, "மை. மை சிலாயி" என்றாள். தானே தைத்ததாக.

என்னைக் காட்டிக்கொடுக்க ஒரு விரல் நீட்டினால் போதும். நீட்டவில்லை.

மேடம் போனில் படம் எடுத்துக்கொண்டாள். பொட்டலத்தைத் தொடப் பயந்து, எரித்துவிடு என்று என்னிடம் சொல்லிவிட்டு அவளை இழுத்துக்கொண்டு போனாள். ஜெயில் என்றார்கள், ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். நான் போய் விசாரிக்கவில்லை. அதற்கும் பயம்.

எரிக்க மனசு வரவில்லை. இன்றைக்கும் என் பட்டன் டப்பாவுக்குள் அது இருக்கிறது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் விரலில் படுகிறது. அந்தப் பையனிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று பார்த்தால், அவள் சொன்ன பேரும் ஊரும் எனக்குத் தெரியாது.