மூங்கிலின் முன்பக்கம்

பசறைக்கு மேலே, வாகனம் ஏறாத அந்தத் தேயிலைத் தோட்டத்து டிவிசனில் யாருக்காவது முடியாமல் போனால், கம்பளியை மூங்கிலில் தொட்டிலாகக் கட்டி, ஆளை அதில் படுக்கவைத்து, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவருமாகத் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு இறங்குவார்கள். தோள் மாற்றுவதற்கு வீட்டுக்கு ஒரு ஆண் கூடப் போகவேண்டும். எழுதிவைத்த சட்டம் இல்லை. ஆனால் தவறியவர்களும் இல்லை, கிருஷாந்தனைத் தவிர.

அவன் தவறிய அந்த நாளில், அவன் பல்கலைக்கழகக் கரப்பந்தாட்ட அணியில் வலையோரம் நின்று பந்தைத் தடுப்பவன். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் குனிந்துதான் நுழைவான். அடுத்த வாரம் அவனுடைய கடைசிப் போட்டித்தொடர் என்றிருக்க, விடுமுறைக்கு வந்திருந்தான். பக்கத்து வீட்டு இராக்கம்மாவுக்கு வயிற்றுவலி தாங்கமுடியாமல் போய், அவள் புருஷன் தர்மராசா வந்து கதவைத் தட்டினார்.

கிருஷாந்தன் முழங்காலைத் தடவினான். "வழுக்கிச்சின்னா என் கால் போயிரும்ப்பா."

முழங்காலில் நோவு இருந்தது உண்மை. தூக்கமுடியாத நோவு இல்லை. அப்பா அவன் முகத்தைப் பார்க்காமல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நீ இரு. நான் போறேன்." அவர் அவன் நெஞ்சளவுதான்.

இராக்கம்மா ரோட்டுக்குப் போய்ச் சேருமுன்பே இறந்துபோனாள்.

அணி முதல் சுற்றிலேயே தோற்றது. படிப்பும் முடிந்தது. ஜெர்சியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவன், வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு லயத்தில் காத்திருந்தான். பந்தைத் தொடவில்லை. பந்து இல்லாமல் தான் யார் என்றும் தெரியவில்லை. தண்ணீர்க் குழாயடியில் தர்மராசாவைக் கண்டால் வேறு பக்கம் திரும்புவான். அவர் விடமாட்டார். "முழங்கால் இப்ப எப்பிடி இருக்கு மாப்ள?" என்று அக்கறையாகக் கேட்பார். அதற்குப் பதில் அவர் திட்டியிருக்கலாம்.

ஒரு மழைக்காலக் காலையில் அதே குழாயடியில் தர்மராசா வழுக்கி விழுந்தார். இடுப்பை அசைக்க முடியவில்லை. கம்பளியும் மூங்கிலும் வந்தன. அப்பா துண்டைத் தேடுவதற்குள் கிருஷாந்தன் மூங்கிலின் முன்பக்கத்தைத் தோளில் ஏற்றிவிட்டான்.

"பட்டதாரித் தோளு, காச்சுப் போயிரும் தம்பி," என்றார் பின்பக்கம் பிடித்தவர்.

"இந்த ஒட்டகத்த முன்னுக்கு விட்டா நான் ஆகாசத்துலதான்டா போவேன்," என்று வலிக்குள்ளும் முனகினார் தர்மராசா.

பாதை செங்குத்தாக இறங்கியது. இரண்டு வளைவு தாண்டியதும் அவர் குரல் மாறியிருந்தது. "ஆடவே இல்லியே மாப்ள. படுக்கையில படுத்த மாதிரி இருக்கு."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இறக்கத்தில் முன்னால் போகிறவன் தாழ்ந்துவிடுகிறான். அந்தத் தாழ்வை அவனுடைய உயரம் ஈடுசெய்திருந்தது.

"அன்னிக்கு அவ காலுப்பக்கமா சரிஞ்சிக்கிட்டே வந்தா," என்றார் தர்மராசா, யாருக்கோ சொல்வதுபோல. "ஒங்கப்பா பாவம், முன்னால கெட்டியாத்தான் புடிச்சாரு. கட்டையான ஆளு, என்ன செய்வாரு? வளைவுக்கு வளைவு எறக்கி வச்சி, மேல இழுத்து விட்டு... அதுலயே நேரம் போயிருச்சு."

"மாமா..." என்றான் கிருஷாந்தன்.

"தோள் மாத்துவமா?" என்று பின்னாலிருந்து கேட்டார்கள்.

"வேணாம்."

பாதி வழியில் முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. வலிக்கட்டும் என்று நடந்தான். ரோட்டில் தர்மராசாவை வேனில் ஏற்றியபோது அவர் அவன் கையைப் பிடித்துக் கேட்டார்: "கால் நோவுதா மாப்ள?"

"இல்ல மாமா."

வழக்கமாக அந்த மூங்கில் தர்மராசாவின் வீட்டு இறவாரத்தில்தான் தொங்கும். கிருஷாந்தன் அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசலுக்கு மேலே ஆணி அடிக்கத் தொடங்கினான்.

"இங்க எதுக்கு?" என்றார் அப்பா.

"கூப்புட வர்றவங்க மொதல்ல நம்ம கதவத் தட்டட்டும்ப்பா."

அப்பா ஆணியை அண்ணாந்து பார்த்தார்.

"கொஞ்சம் தாழ அடி," என்றார். "நீ இல்லாத அன்னிக்கு எனக்கு எட்டணும்."

கிருஷாந்தன் ஆணியைப் பிடுங்கினான்.