அம்மா மூச்சுப் பிடித்த கதை

அம்மாவுக்கு இடது மார்பை எடுத்த புண் ஆறி, கையும் ஒருவழியாகத் தலைக்கு மேலே தூக்க வந்தபிறகு, கதிர்வீச்சு கொடுக்க வேண்டும் என்றார் திருநெல்வேலி டாக்டரம்மா. எங்கள் பக்கம் அதைக் கரண்டு வைக்கிறது என்பார்கள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்தான். சுரண்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர். அதனால் டாக்டரம்மா சொல்வதை அப்பா அம்மாவுக்குப் புரியவைப்பது என் வேலை என்று நானாகவே எடுத்துக்கொண்டிருந்தேன்.

கரண்டை எடுத்த எடுப்பில் வைத்துவிட மாட்டார்கள். முதலில் படுக்கவைத்து ஸ்கேன் எடுத்து, எங்கே பட வேண்டும், எங்கே படக்கூடாது என்று திட்டம் போடுவார்கள். மார்பு இருந்த இடத்துக்குப் பின்னால்தான் இதயம். மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்தால் நுரையீரல் விரிந்து, இதயம் நெஞ்சுச் சுவரை விட்டுத் தள்ளிப் போய்விடும். அப்படிப் பிடித்திருக்கும்போதே ஸ்கேன் எடுக்க வேண்டும், பிறகு கரண்டும் அப்படியே.

"பிடிக்க முடியலன்னாலும் வைக்கலாம். ஆனா இதயத்துல கொஞ்சம் கூடப் படும். பிடிச்சாங்கன்னா ரொம்ப நல்லது. வீட்ல பழகிட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா.

எங்கள் வீடு தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில். சீசன் தொடங்கிவிட்டிருந்தது, வெளியே சாரல். அம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்து, "மூச்சப் பிடிங்கம்மா" என்றேன். அம்மா கண்ணை இறுக்கி, வாயை மூடி, இருந்த காற்றையெல்லாம் மூக்கு வழியாக வெளியே விட்டுவிட்டு நெஞ்சைக் குறுக்கிக்கொண்டாள்.

"என்னம்மா இது?"

"மெயினருவில நிக்கதுன்னா இப்படித்தானல பிடிப்போம்!"

"இது அருவி இல்லம்மா. உள்ள இழுத்துட்டுப் பிடிக்கணும்."

"சரிங்க வாத்தியாரே."

பிறகு வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுவதைப் போல, பேசாமல் கையாலேயே காட்டினேன். கையை உயர்த்தினால் இழுக்க வேண்டும், அப்படியே நிறுத்தினால் பிடிக்க வேண்டும், இறக்கினால் விட வேண்டும். முதல் இரண்டு நாள் சிரித்தே காற்றை விட்டாள். அப்புறம் பிடிபட்டுவிட்டது. அப்பா வயலிலிருந்து வந்து, காலைக் கழுவிவிட்டு, கதவோரம் நின்று பார்ப்பார்.

ஸ்கேன் நாளன்று அம்மா உள்ளே தனியாகப் படுத்திருந்தாள். கழுத்துவரை போர்வை. வயிற்றுக்கு மேலே சின்னதாக ஒரு பெட்டி. மூச்சுக்குத் தக்கபடி அது ஏறி இறங்க, வெளியே திரையில் ஒரு கோடு ஏறி இறங்கும். ஸ்கேனுக்கு முன்னால் ஒத்திகை பார்க்கிறார்கள் என்பதால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எங்களையும் நிற்கவிட்டார்கள். மெஷினைப் பார்க்கும் பெண் மைக்கில் சொன்னாள்:

"அம்மா, மூச்ச நல்லா இழுங்க."

கோடு ஏறியது.

"அப்படியே பிடிங்க."

"சரி தாயி" என்றாள் அம்மா. கோடு விழுந்தது.

"பேசக்கூடாதும்மா. இழுங்க... பிடிங்க."

"பிடிச்சிட்டேன் தாயி."

மறுபடியும் விழுந்தது. மூன்றாம் தடவை, "ஆகட்டும்மா." நான் மைக்கை வாங்கிக் கெஞ்சினேன். "சரிய்யா, இனி பேசல்ல" என்று அதற்கும் பதில் சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மல்லாந்து படுத்திருப்பவளுக்கு என் கை எங்கே தெரியும்? டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, "பரவால்ல, முடியலன்னா சாதாரணமாவே எடுத்துடலாம்" என்றார் மெதுவாக. இத்தனை நாள் பழகியும், ஒரு வார்த்தையில் போகிறதே.

"பேசுதவங்களுக்குப் பதில் சொல்லாம அவளால இருக்க முடியாதும்மா" என்றார் அப்பா. அதுவரை சுவரோடு சுவராக நின்றவர், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "அந்த மைக்க எங்கிட்ட குடுங்க. எனக்கு மட்டுந்தான் பதில் சொல்ல மாட்டா."

மெஷின் பெண் சிரித்துவிட்டாள். டாக்டரம்மாவும்தான். ஆனாலும், "குடு, பாக்கலாம்" என்றார்.

அப்பா குனிந்து, வாய்க்காலுக்கு அக்கரையில் நிற்பவரைக் கூப்பிடுவதைப் போலச் சத்தமாக, "ஏட்டி, மூச்ச இழு" என்றார்.

உள்ளே சத்தமில்லை. கோடு ஏறியது.

"பிடி."

பதிலே இல்லை. அம்மாவின் முகத்தில், இவருக்கு நான் பதில் சொல்லவா என்கிற அந்தப் பிடிவாதம் கண்ணாடி வழியாகவே தெரிந்தது. கோடு வரப்பு வெட்டியதைப் போல நேராக நின்றது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நின்றுகொண்டேயிருந்தது.

"அப்பா, விடச் சொல்லுங்க!" என்று தோளைத் தட்டினேன்.

"விடு, விடுட்டி! விட்ரு!"

"என்னக் கொன்னுபோடலாம்னு பாத்தியளோ?" என்று உள்ளேயிருந்து வந்தது.

ஸ்கேனும் அப்பா குரலிலேயே முடிந்தது. மெஷின் பெண் அவர் குரலைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டாள், கரண்டு வைக்கும் நாட்களுக்கு. பிறகு டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு, மூச்சுப் பிடிக்காமல் ஒன்று, பிடித்து ஒன்று என எடுத்திருந்த இரண்டு படங்களைக் காட்டினார். மூச்சுப் பிடிக்காத படத்தில் இதயம் நெஞ்சோடு ஒட்டிக் கிடந்தது. மற்றதில் தள்ளி இருந்தது. நடுவே ஒரு கறுப்பு இடைவெளி. "இந்த இடம் போதும். இத வச்சு நல்லாத் திட்டம் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார்.

அப்பா திரையைத் தொடாமல் விரலை அருகே கொண்டுபோனார்.

"இந்தக் கறுப்பு எல்லாம் என்னதுலே?"

"காத்துப்பா. அம்மா இழுத்த மூச்சு."

"அம்புட்டும் அவ இழுத்ததா?"

"ஆமாப்பா."

கக்கத்தில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நல்லா இழுத்திருக்கா" என்றார்.