அம்மா ரூமில் நடமாட்டம்

வீடு வீடாக இணையப் பெட்டி மாட்டுவதுதான் வேலை என்பதால், ஊரில் அவருக்குச் சிக்னல்காரர் என்று பெயர். கேபிள் கம்பெனியின் புதிய வைஃபை பெட்டி, எந்த அறையில் ஆள் நடந்தாலும் போனுக்குச் செய்தி அனுப்பும். மனைவி இறந்தபின் தனியாக இருக்கிறாரே என்று மகள் நச்சரித்ததால், தன் வீட்டிலும் ஒன்று மாட்டி, செய்தி இருவர் போனுக்கும் வரும்படி வைத்தார்.

ஒருநாள் வேலையில் இருந்தபோது மகள் பதறிப்போய்க் கூப்பிட்டாள்.

"அப்பா, வீட்லயா இருக்கீங்க? அம்மா ரூம்ல யாரோ நடக்கறதா வருது!"

அந்த அறை பூட்டிக் கிடந்தது. சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது.

"புதுப் பெட்டிம்மா, காத்தடிச்சாக்கூடக் கத்தும். சரி பண்ணிடறேன்."

மகளுக்குப் போகும் செய்தியை மட்டும் நிறுத்தினார். தனக்கு வருவதை விட்டுவைத்தார்.

இப்போதும் வேலைக்கு நடுவே அவர் போன் சிணுங்கும். யாரென்று கேட்டால், "வீட்லேர்ந்துதாங்க" என்பார்.