பத்துச் சுற்று, கை படாமல்

யாங்கோனை ஒட்டிய இன்சீனில் ஒரு மூன்றாவது மாடியில் குடியிருக்கும் தமிழரசிக்கு நாற்பத்து நாலு வயது. பகலில் அவள் பல் செய்கிறாள். நகரத்துக்குள் ஒரு பல் லேபில் இருபது வருஷமாக வேலை. யாங்கோனில் எத்தனையோ பேர், அவள் மெழுகில் செதுக்கி உலோகத்தில் வார்த்த கடவாய்ப் பல்லை வைத்துத்தான் லபேத்தோ என்ற தேயிலைக் கலவையில் வரும் வறுத்த பயறைக் கடிக்கிறார்கள். இது யார் கைவேலை என்று ஒருவராவது யோசித்திருப்பாரா? அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. பல்லின் மேல் அவளுக்கு மரியாதை உண்டு. பைத்தியமெல்லாம் ரயிலின் மேல்.

அதுவும் உள்ளூர் ரயில் இல்லை. தினமும் வட்ட ரயிலில்தான் வேலைக்குப் போய் வருகிறாள், அதை ஏறெடுத்தும் பார்க்கமாட்டாள். ஆறு வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், சூளையில் அச்சு வேகும் நேரத்தில் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ கண்ணில் பட்டது. வேல்ஸ் நாட்டில் ஃபெஸ்டினியாக் என்றொரு மலைப் பாதை. தண்டவாளத்தின் அகலம் முழுசாக இரண்டடிகூட இல்லை. அந்தக் காலத்தில் மலையிலிருந்து கற்பலகை இறக்கப் போட்டது. அதில் வந்தது பாருங்கள் ஒரு இன்ஜின்! முன்னாலும் முகம், பின்னாலும் முகம், இரண்டு பக்கமும் புகைபோக்கி, நடுவில் டிரைவர்.

"யாரோ ரெண்டு இன்ஜினை முதுகோட முதுகா ஒட்டிட்டாங்களே!" என்று தனியாக உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் மனசு அங்கே போய்விட்டது. அச்சு கருகிப்போனது, ஒரு பல்லை மறுபடி முதலிலிருந்து செய்யவேண்டி வந்தது.

அன்றிலிருந்து, மெழுகில் பல் செதுக்கும் அதே கத்தி ஆணித் தலையும் நீராவிக் குமிழும் செதுக்கத் தொடங்கியது. வேலை முடிந்த பிறகு, சொந்தப் பித்தளையைக் கொண்டுபோய் லேபின் வார்ப்பு மெஷினில் வார்த்துக்கொள்ள முதலாளி அம்மா அனுமதி கொடுத்தாள். ஒரே ஒரு முறை டப்பா மாறிவிட்டது. ஒரு டாக்டர் நோயாளியை வாய் திறக்கவைத்துவிட்டு டப்பாவைத் திறந்தால், உள்ளே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு புகைபோக்கி! "மா தமிழரசி, இதை எந்தப் பல்லுக்கு மாட்டுவது?" என்று அந்தப் பர்மாக்கார டாக்டர் போனில் கேட்டதை லேபில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

புருஷன் செல்லையா சிரிக்கவில்லை. அவர் ஃபெரி பஸ் ஓட்டுகிறவர், அதாவது விடியற்காலையில் தையல் ஆலைப் பெண்களை ஏற்றி லைங் தாயாவில் இறக்கிவிடும் பஸ். நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும். இருட்டில் எழுந்தால் முன்னறை முழுக்கத் தண்டவாளம். பலகைமேல் அலுமினியப் பட்டை அடித்து, சுவரோரமாக ஒரு முழுச் சுற்று போட்டு வைத்திருந்தாள். இரண்டு முறை அவர் கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. பஸ் ஓட்டி ஓட்டி இடுப்பும் போய்விட்டது. தரையில் படுக்காதே, கட்டிலில் படு என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷமாகிறது. கட்டில் போட முன்னறையைத் தவிர இடம் கிடையாது, அங்கேயோ ரயில்!

ரயிலாவது ஓடியதா என்றால், அதுவும் இல்லை. முதல் இன்ஜினில் நீராவிக் கொப்பரை ஒழுகியது. இரண்டாவதற்கு மோட்டார் வைத்தாள், மூன்றாவது சுற்றில் கரண்ட் போனது. அன்று செல்லையா கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு கத்திவிட்டார்.

"கடைசியா ஒரு தடவை! பத்துச் சுற்று, கை படாம, அதுவா ஓடணும். ஓடிச்சுன்னா நான் வாயே தெறக்கல. ஓடலைன்னா தண்டவாளத்தக் கழட்டிட்டு அங்க கட்டிலு. சம்மதமா?"

"சம்மதம்" என்றாள் தமிழரசி. மூன்றாவது இன்ஜினை நீராவியிலேயே செய்தாள். செப்புக் குழாயைப் பிரிட்ஜ் மெக்கானிக்கிடம் கொடுத்து வெள்ளிப் பற்றாசு வைத்து வாங்கினாள். அடுப்புக்கு லேபில் மெழுகு உருக்கும் ஸ்பிரிட்டே போதும். ஒரு வருஷமும் இரண்டு மாதமும் பிடித்தது. பச்சைப் பெயிண்ட் அடித்து, இரட்டைப் புகைபோக்கியோடு அதைத் தண்டவாளத்தில் ஏற்றிய ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நடுவராகக் கீழ்க்கடை மாஹிரைக் கூப்பிட்டிருந்தார்கள். போன் ரிப்பேர் செய்கிறவர், யார் பக்கமும் சாயாதவர். சுற்றுக்கு ஒரு தீக்குச்சி வைத்து எண்ணுவதற்குப் பத்துக் குச்சியோடு வந்து உட்கார்ந்தார். செல்லையா குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, தட்டில் சூடமும் விபூதியும் எலுமிச்சம்பழமுமாக வந்தார். அவர் சட்டைப் பையில் ஒரு திருப்புளி எட்டிப்பார்த்தது. தண்டவாளத்தைக் கழற்றத்தான் என்று தமிழரசிக்குப் புரிந்தது. பார்க்காத மாதிரி இருந்துகொண்டாள்.

"எலுமிச்சம்பழம் எதுக்கு?"

"புது வண்டிய பழம் நசுக்காம எடுக்கிறதா? என் கையால அது நடக்காது" என்றார் செல்லையா. அவர் பஸ்ஸில் கண்டக்டர் பர்மாக்காரர் வழக்கப்படி ராசிக்குத் தபியே என்ற நாவல் தழை செருகுவான், இவர் சக்கரத்துக்கு எலுமிச்சை வைப்பார். இரண்டும் இல்லாமல் அந்த பஸ் நகர்ந்ததே இல்லை. இங்கே பழம் சக்கரத்தைவிடப் பெரிதாக இருந்தது. அப்படியே வைத்தால் இன்ஜின் கவிழ்ந்துவிடும். அதற்காக விட்டுவிடுவாரா மனுஷன்? மெல்லிய துண்டாக நறுக்கி, இரண்டு பட்டையிலும் சக்கரத்துக்கு முன்னால் வரிசையாக வைத்தார். தமிழரசியும் சும்மா சொல்லக்கூடாது, "நல்லா வைங்க, ரெண்டு பக்கமும்" என்று தலையாட்டினாள். கழற்றத் திருப்புளி கொண்டுவந்தவர், ஓட வேண்டுமென்று பழமும் நறுக்குகிறாரே என்று அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது.

ஸ்பிரிட் எரிந்தது. தண்ணீர் முணுமுணுத்தது. நீராவி அழுத்தம் காட்டும் ஊசி ஏறியது. "போம்மா" என்று சொல்லி அவள் வால்வைத் திறந்தாள்.

இரண்டு புகைபோக்கியும் புஸ் புஸ்ஸென்று மூச்சுவிட, இன்ஜின் பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பியது! மாஹிர் கைதட்டினார். தமிழரசி கத்தியே விட்டாள். இன்ஜின் ஜன்னலோரம் திரும்பியது. அந்த இடத்தில் தரை கொஞ்சம் மேடு. அங்கே சக்கரங்கள் விர்ரென்று சுழன்றன, இன்ஜின் மட்டும் நகரவில்லை. இரண்டு புகைபோக்கியும் படாத பாடு பட, நின்ற இடத்திலேயே நின்று வழுக்கியது.

"தள்ளட்டுமா?" என்று செல்லையா குனிந்தார்.

"கை வைக்காதீங்க!" அவள் போட்ட சத்தத்தில் மாஹிர் கையிலிருந்த குச்சிகள் சிதறின.

ஏன் வழுக்குகிறது? சோதனை பார்த்தபோதெல்லாம் இந்த மேட்டை ஏறியதே! அவள் பட்டையைத் தொட்டு விரலை மூக்கில் வைத்தாள். எலுமிச்சை வாசனை! சக்கரமெல்லாம் சாறு.

"உங்க பழந்தாங்க, உங்க பழம்!"

செல்லையாவின் முகம் செத்துப்போனது. "அய்யோ, நான் நல்லதுக்குத்தானே..." என்றார். கொப்பரையில் இருப்பது இருபது நிமிஷத் தண்ணீர், அதில் ஒவ்வொரு நொடியும் ஆவியாகிக்கொண்டிருந்தது.

சக்கரத்தைத் துடைக்க முடியாது. தொட்டால் தோல்வி. பெரிய இன்ஜின்கள் வழுக்கினால் தண்டவாளத்தில் மணல் தூவுவார்கள் என்று வீடியோவில் பார்த்தது ஞாபகம் வந்தது. மூன்றாவது மாடியில் மணலுக்கு எங்கே போவது? அப்போதுதான் அவள் கண் தட்டில் விழுந்தது. விபூதி! பூஜைப் பாத்திரத்தை அதை வைத்துத்தானே தேய்க்கிறோம்? கைப்பிடி அள்ளி, இன்ஜினுக்கு முன்னால் மேடு முழுக்க இரண்டு பட்டையிலும் தூவினாள்.

"விபூதி பூசலாமா நடுவரே?" என்றார் செல்லையா பரிதாபமாக.

"இன்ஜினைத் தொடலையே. பூசலாம்" என்றார் மாஹிர்.

சக்கரம் ஒரு முறை சறுக்கியது. இன்னொரு முறை. பிறகு பிடித்தது! சாம்பலைச் சப்பிக்கொண்டு, நெற்றியில் பட்டை போட்ட பக்தர் மாதிரி, இன்ஜின் ஏறியது. ஒன்று! மாஹிர் குச்சி வைத்தார். இரண்டு. மூன்று, நாலு, ஐந்து. ஐந்துக்குப் பிறகு மூன்று பேருமே எண்ணினார்கள், கீழ்வீட்டுக்காரர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. ஒன்பதாவது சுற்றில் ஊசி இறங்கியது, ஸ்பிரிட் தீரப்போகிறது. மேட்டில் இன்ஜின் திணறி, நிற்கிறதா போகிறதா என்று தெரியாமல் ஊர்ந்தது.

செல்லையாவின் கை தானாக நீண்டது. அதை இன்னொரு கையால் பிடித்து முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஏறு தாயி, ஏறு. இந்த மேடுதான், அப்புறம் எறக்கம். ஏறும்மா!" மழைத் தண்ணீரில் நின்றுவிடும் தன் பஸ்ஸிடம் கெஞ்சும் அதே குரல். தமிழரசி இன்ஜினைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏறிவிட்டது. பத்து! பத்தேகால் சுற்றில், செல்லையாவின் காலருகே வந்து, பெருமூச்சு விட்டு நின்றது. தமிழரசி தரையில் உட்கார்ந்து அழுதாள், சிரித்தாள், எது எப்போது என்று மாஹிராலும் சொல்ல முடியாது. அவர் பத்துக் குச்சியையும் அவள் கையில் கொடுத்துவிட்டுக் கடை திறக்கப் போனார்.

செல்லையா சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். ஜன்னலோரம் போய்க் குனிந்து, மேட்டின் அருகே சாணால் அளந்தார்.

"கட்டில் போட்டே ஆகணும், அரசி."

அவளுக்குத் திக்கென்றது. "பத்து ஓடிச்சே! நீங்க சொன்ன வாக்கு?"

"நீ ஜெயிச்சிட்ட. என் இடுப்பு ஜெயிக்கலையே." அவர் திருப்புளியால் தரையில் ஒரு கோடு காட்டினார். "கால் உசரமா ஒரு கட்டில் வாங்குவோம். இங்கருந்து அந்தச் செவுரு வரைக்கும். ரயிலு அடியில போகட்டும். வேல்ஸ்ல மலையக் கொடஞ்சு சுரங்கப் பாதை இருக்கு, எனக்கு அதுக்கு எடமில்லன்னு மூக்கச் சிந்துனியே, அது இதுதான். இந்தப் பட்டைய மட்டும் கழட்டி நாலு விரலு உள்ள தள்ளிக்கலாம், புடி."

தமிழரசி அளவுகோலை எடுக்க ஓடினாள். இன்ஜின் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது, தொடாமலே புகைபோக்கியின் உயரத்தை அளந்தாள்.

"ஒரு விஷயம்" என்றார் செல்லையா திருகாணியைக் கழற்றிக்கொண்டே. "நான் தூங்கும்போது அடியில ஓட்டக்கூடாது. நாலு மணிக்கு எழுந்திருக்கிறவன்."

"சரிங்க" என்றாள் அவள். "முதல் வண்டி நாலு மணிக்கு. உங்களை எழுப்பிட்டுத்தான் சுரங்கத்த விட்டு வெளியே வரும்."